ஈயத்தோடு ஈயம்

வாருங்கள், வாருங்கள். வெயிலில் நிற்காதீர்கள், இந்தப் பலா நிழலுக்கு வாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் சுகம்தானே? அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா? பாறசாலையிலிருந்து வந்தவர்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பீர்கள். கடப்புறத்துக் கரையிலிருந்து வந்தவர்கள் இரண்டு பஸ் மாறியிருப்பீர்கள். பள்ளிக்கோயிலிலிருந்து பாதிரியார் அச்சன் வந்து ஜெபம் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. அரிசி இப்போதுதான் கொதிக்கிறது.

சேவியருக்கு இன்றைக்கு முப்பதாம் நாள். அவனை அறிந்தவர்கள் ஆளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவனுடைய மூத்த மகள் செலின் கேட்டிருக்கிறாள். மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்த பெண். எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், அவள் நோட்டில் எழுதுகிறாள். என் கொச்சையையெல்லாம் திருத்தி எழுது, ஆனால் உன் அப்பனும் மற்றவர்களும் அன்றைக்குப் பேசியதை மட்டும் பேசியபடியே எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு, நான் தங்கப்பன். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் கல்யாணமானாலும் சாவானாலும் அடுப்பு மூட்டுகிறவன். செய்தி வந்தபோது பாறசாலைச் சந்தையில் சேனைக்கிழங்கு பார்த்துக்கொண்டிருந்தேன். சேனை வாங்குவதில் ஒரு காரியம் உண்டு. தோலை நகத்தால் கொஞ்சம் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே என்ன நிறம் என்பதை வைத்து நாக்கு அரிக்குமா அரிக்காதா என்று சொல்கிற ஆட்கள் உண்டு. நான் அதை நம்புவதில்லை, ஆனாலும் கீறுவேன். அப்படிக் கீறிக்கொண்டிருக்கும்போது அமரவிளை செக்போஸ்ட்டுப் பக்கத்து டீக்கடைக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தங்கப்பண்ணா, உங்க ஈயக்காரன் போயிட்டான்."

"எங்க போனான்?"

"எங்கயாக்கும் போவான்? போயிட்டான்."

அதற்குப் பிறகும் நான் கிழங்கைக் கீறிக்கொண்டே இருந்தேன். ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பேன், கீறுவேன், வைப்பேன். கடைசியில் வியாபாரிக்குப் பொறுக்கவில்லை. "ஓய், வாங்குவீரா, இல்ல எனக்க கிழங்குக்கெல்லாம் பேரு எழுதிட்டே நிப்பீரா?" என்று கத்தினார். வெறும் சாக்கோடு திரும்பி வந்தேன். எதற்காகச் சந்தைக்குப் போனேன் என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சேவியர் பொழியூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரன். அப்பன், அண்ணன்மார் எல்லோரும் கடலில் பிழைத்தவர்கள். இவனுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு அலை தாண்டினால் குடல் வெளியே வந்துவிடும். மூன்று தடவை கூட்டிக்கொண்டு போனார்களாம். மூன்றாவது தடவை அவனுடைய அண்ணன், "எலே, நீ மீனு பிடிக்க வந்தியா, மீனுக்குத் தீனி போட வந்தியா?" என்று கேட்டுக் கரையில் இறக்கிவிட்டானாம். சேவியரே இதைச் சொல்லிச் சிரிப்பான். சிரித்து முடித்த பிறகு ஒரு வார்த்தை சொல்வான்.

"நான் போவல்லேன்னா என்ன அண்ணா, எனக்க ஈயம் போவுதில்லியா? அவனுவ எல்லாம் கடலுக்க மேலதான் போறானுவ. நானாக்கும் அடி வரைக்கும் போறவன்."

வலையின் அடியில் கட்டுகிற ஈயக்குண்டு வார்ப்பது அவன் தொழில். அதற்காகத்தான் கடலை விட்டு இவ்வளவு தூரம் அமரவிளைக்கு வந்து, ரோட்டோரம் ஓலைக்கொட்டகை போட்டான். செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையில் நிற்கும். நிற்கிற லாரியில் பாட்டரி செத்துப்போகும். செத்த பாட்டரியைச் சேவியர் வாங்குவான். கோடாலியால் பிளந்து, உள்ளே இருக்கும் அமிலத்தை ஒரு தென்னையின் அடியில் ஊற்றுவான். தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு, சிரட்டைக் கரியில் துருத்தி ஊதி உருக்குவான். அந்தத் தென்னை இரண்டே வருஷத்தில் மொட்டையாகிவிட்டது. வண்டு அடித்தது என்றோம். கொட்டகையில் கிண்டித் தின்ற கோழிகள் கால் மடங்கிச் செத்தன. கோழிச்சீக்கு என்றோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பெயர் இருந்தது.

உருகின ஈயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரத்தில் வியர்க்கும். சட்டென்று மொத்தமும் இறங்கிக் கண்ணாடியாகிவிடும். குனிந்தால் முகம் தெரியும். மூச்சு விடுவதற்குள் மேலே மஞ்சளும் ஊதாவுமாக ஆடை படியும், பாலில் படிவது போல. அதை வழித்துவிட்டு மறுபடி முகம் பார்க்கலாம். அடுப்பு வேலைக்காரனாகிய எனக்கு அது ஒரு கொதிப்பதம். வேலை இல்லாத நாளில் அதைப் பார்க்கவே போய் உட்காருவேன்.

ஆறினால் சுண்டுவிரல் அளவுத் துண்டு ஒரு உருளைக்கிழங்கின் கனம் கனக்கும். அவ்வளவு கனத்தையும் நகத்தால் கீறலாம், பல்லால் கடிக்கலாம். வலைக்கும் தூண்டிலுக்கும் அதுதான் வேண்டும். நூலை வைத்துக் கடித்தால் போதும், இறுகிக்கொள்ளும். கொத்தனாரின் தூக்குக்குண்டுக்கும் அதுதான், பன்றி சுடுகிற துப்பாக்கியின் ரவைக்கும் அதுதான். சேவியர் ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு குண்டை எடுத்துக் கடித்துப் பார்ப்பான். பல் பதிந்தால் நல்ல ஈயம். பதியாவிட்டால் வேறு ஏதோ கலந்திருக்கிறது, மறுபடி உருக்க வேண்டும்.

"இனிக்குது அண்ணா," என்று ஒருநாள் சொன்னான். "காலையில எழும்பினா வாயெல்லாம் ஒரு இனிப்பு."

"மேரி கட்டஞ்சாயாவுல சர்க்கரை கூடப் போடுகாளாயிருக்கும்," என்றேன். மேரி அவன் மனைவி.

"அவளா? அவ சாயாவுக்குச் சர்க்கரை டப்பாவைக் காட்டிட்டு மூடி வச்சிருவா."

சிரித்தோம். செலினே, இதை எழுது, உன் அம்மா கோபப்பட மாட்டாள்.

அடுத்தது வயிற்றுவலி. வலி வந்தால் ரோட்டோர மைல்கல்லின் மேல் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து படுத்துவிடுவான். அப்படி அமுக்கினால் கொஞ்சம் கேட்கும். லாரிக்காரர்கள் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்துத் திட்டிக்கொண்டு போவார்கள். நாலு நாள், ஐந்து நாள் வெளிக்கே போக மாட்டான். வாயு என்று மருந்து கொடுத்தார்கள். நானும் இஞ்சியும் பெருங்காயமும் தட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

இனி நான் சொல்லப்போவது அண்டாவைப் பற்றி. செலினே, எதையும் விடாமல் எழுது.

என்னிடம் ஒரு பெரிய பித்தளை அண்டா இருந்தது. இருநூறு பேருக்கு ரசம் வைக்கலாம். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்து பூசிவிட்டுப் போவார். அந்த வருஷம் அவர் வரவில்லை. கல்யாண மாதம் தொடங்கிவிட்டது. முந்தின தடவை அவர் மிச்சம் வைத்துப்போன ஒரு விரல் நீள ஈயக்கம்பி மட்டும் என்னிடம் இருந்தது. அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சேவியரின் கொட்டகைக்குப் போனேன். நெருப்பும் துருத்தியும் அங்கே இருக்கிறதே.

அவன் அண்டாவைப் புளியும் மண்ணும் போட்டுத் தேய்த்தான். தணலில் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சினான். நவச்சாரப் பொடியைத் தூவ, வெள்ளைப் புகை கிளம்பியது. கம்பியைத் தொட்டு இழுத்துத் துணியால் துடைத்தான். வெள்ளி மாதிரி பரவியது. கால்வாசி கூட முடியவில்லை, கம்பி தீர்ந்துவிட்டது.

"தீந்து போச்சு அண்ணா," என்றான்.

"உன்கிட்ட குவிச்சுப் போட்டிருக்கியே, அது என்னவாக்கும்?"

"அது வலைக்கு உள்ள ஈயம். பாத்திரத்துக்கு உள்ளது வேறயில்லியா? உங்க கம்பிய வளைச்சப்பம் கிறீச்சுண்ணு ஒரு சத்தம் கேட்டுது. எனக்க ஈயம் சத்தம் போடாது."

அவன் கவனித்திருந்தான். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாத சேவியர், கம்பியை வளைத்த ஒரு நிமிஷத்தில் வித்தியாசத்தைக் காதால் கேட்டிருந்தான். நான்தான் கேட்கவில்லை. எனக்கு வியாழக்கிழமை கல்யாணம் இருந்தது.

"எலே, ஈயத்துலயும் சாதி பாக்கியா? ஈயத்தோட ஈயம் சேந்தா ஈயந்தான். போடு," என்றேன்.

செலினே, ஏன் பேனாவை நிறுத்திவிட்டாய்? எழுது. அந்த வார்த்தையைச் சொன்னது நான். உன் அப்பன் யோசித்தான். நான் அவனைக் கேலி செய்து யோசிக்க விடாமல் செய்தேன்.

எனக்கும் வெள்ளீயம், காரீயம் என்று இரண்டு பேச்சு உண்டென்று தெரியும். ஆனால் வெள்ளைக் கத்திரிக்காய், ஊதாக் கத்திரிக்காய் மாதிரி என்று நினைத்திருந்தேன். நிறம் எதுவானாலும் கறிக்குக் கத்திரிக்காய் கத்திரிக்காய்தானே. ஒன்று தின்னலாம், மற்றது தின்றால் ஆளை உள்ளே இருந்து அரிக்கும் என்றால், இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவர்களை என்ன சொல்ல? சரி, அவர்களைச் சொல்லி என்ன. பெயரை மட்டும் பார்த்தவன் நான்.

சேவியர் கையில் பிடித்திருந்த கம்பியின் அடித்துண்டையும் தன் குண்டுகளையும் சேர்த்து உருக்கினான். முன்னைவிட நன்றாகப் பரவியது. முன்னைவிடப் பளபளத்தது. அன்றைக்கு அண்டாவைத் தூக்கி என் தலையில் வைக்கும்போது அவன் வலது கை மணிக்கட்டில் கொஞ்சம் மடங்கியது. அண்டா நழுவப் பார்த்தது. "என்னலே, சோறு தின்னல்லியா?" என்று அதற்கும் ஒரு கேலி.

அந்தக் கல்யாண மாதத்தில் எனக்கு வந்த பெயரைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். நான் புளியைக் கரைத்து முதல் நாளே அண்டாவில் ஊற்றி வைத்துவிடுவேன். ரசத்தின் ஓரத்தில் ஒரு இனிப்பு நின்றது. மெல்லிய இனிப்பு, சர்க்கரையும் இல்லை, வெல்லமும் இல்லை. "தங்கப்பனுக்கக் கைப்புண்ணியம்" என்றார்கள். அதியன்னூரில் ஒரு வீட்டுக்காரர் ரசத்துக்காகவே என்னை வைத்துக் கல்யாணம் நடத்துவதாகச் சொன்னார். நானும் மீசையைத் தடவிக்கொண்டு, அதெல்லாம் பெருங்காயம் போடுகிற நேரம் என்று சொல்லித் திரிந்தேன். மிச்ச ரசத்தை வீட்டுக்கும் கொண்டுபோனேன். என் பிள்ளைகளும் குடித்தார்கள்.

இதற்கிடையில் சேவியரின் கைகள் இரண்டும் விழுந்துவிட்டன. வலி இல்லை, வீக்கம் இல்லை. மணிக்கட்டிலிருந்து கீழே, நனைந்த துணி கொடியில் தொங்குவது போலத் தொங்கும். விரலை மடக்குவான், நிமிர்த்த முடியாது. வைத்தியர் வாதம் என்றார். தைலம் போட்டு நீவினார்கள். அவனுக்கு அந்தக் கைகள் மறுபடி நிமிர வேண்டும், அது ஒன்றுதான் பேச்சு. பள்ளியில் சிலுவை போடும்போது இடது கையால் வலது கையைத் தூக்கி நெற்றியில் வைத்து, பிறகு தோளுக்குக் கொண்டுபோவான். அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கொட்டகையில் மேரி உருக்கி ஊற்ற, இவன் பக்கத்தில் உட்கார்ந்து பதம் சொன்னான். கடித்துப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. மேரி குண்டை அவன் வாயில் வைப்பாள்.

அதியன்னூர்க் கல்யாணத்துக்கு வருவோம். பெண்ணின் மாமன் சுகுமாரன், தனுவச்சபுரத்தில் கல்லூரி ஒன்றில் ரசாயன லேபில் சாமான் எடுத்துக்கொடுக்கிற வேலை. பந்திக்கு முன்னால் ரசம் ருசி பார்க்க வந்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகம் மாறியது.

"இதெந்தா சேட்டா, ரசத்துக்கு மதுரம்?"

"கைப்புண்ணியம் சாரே," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ரசத்தைத் துப்பினார். அண்டாவின் விளிம்பில் பூச்சு ஒரு இடத்தில் திரண்டு நின்றது. அதைக் கத்திமுனையால் பெயர்த்தெடுத்தார். கல்யாணக் கார்டு ஒன்றைத் திருப்பி வைத்து அந்தத் துணுக்கால் தேய்த்தார். பென்சிலால் இழுத்தது போலக் கறுப்புக் கோடு விழுந்தது.

"வெள்ளீயம் இப்பிடி எழுதாது. இது காரீயம். புளி பட்டா கரையும். கரைஞ்சா இனிக்கும். வெசமாக்கும் இது," என்றார். பிறகு சத்தமாக, "ஆரு பூசினது?"

கூட்டம் கூடிவிட்டது. பெண்ணின் அப்பா வந்துவிட்டார். இலை போட்டு ஆட்கள் உட்கார்ந்தாகிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. இத்தனை பேச்சுப் பேசுகிற இந்த வாய்தான். சேவியர் அன்றைக்கு அங்கே இருந்தான். வேலைக்கு ஆகாவிட்டாலும் கல்யாண வீடுகளுக்கு என்னோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்திருப்பான். தொங்கும் கைகளோடு எழுந்து நின்றான்.

"நானாக்கும் பூசினது. பத்தல்லேன்னு எனக்க ஈயத்தைக் கலந்ததும் நான்தான். தங்கப்பண்ணனுக்குத் தெரியாது."

ரசத்தைக் குழி வெட்டிக் கொட்டினார்கள். ரசம் இல்லாமல் பந்தி நடந்தது. பெண்ணின் அப்பா சேவியரைப் பார்த்துச் சொன்னதை இங்கே சொல்ல மாட்டேன், செலின் எழுத வேண்டாம். அடிக்கக் கை ஓங்கினவர்களும் உண்டு. சுகுமாரன்தான் நடுவில் நின்றார். அவர் சேவியரின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை நீட்டும்."

சேவியர் நீட்டினான். இரண்டும் தொங்கின.

"வயிறு வலிக்குமா? பல்லைக் காட்டும்."

சேவியர் இளித்தான். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் கண்மை இழுத்தது போல ஒரு நீலக்கறுப்புக் கோடு ஓடியது. வருஷக்கணக்காக எதிரே உட்கார்ந்து அவன் சிரிப்பதைப் பார்த்தவன் நான். வெற்றிலைக் கறை என்று நினைத்திருந்தேன்.

"இது வாதம் இல்ல வே. ஈயம். அண்டாவுல பூசினதும் இதுதான், உம்ம எலும்புல பூசியிருக்கதும் இதுதான். உடனே திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவும்," என்றார் சுகுமாரன்.

சேவியர் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இதைப் பார்த்தவன் நான், பொய் சொல்லவில்லை. "அப்பம் பேரு தெரிஞ்சாச்சு அண்ணா. பேரு தெரிஞ்சா மருந்து உண்டாயிருக்கும் இல்லியா?" என்றான்.

திரும்பி நடக்கும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அண்ணா, உங்க பேரு போனா உங்க அடுப்பு அணைஞ்சு போவும். எனக்கக் கை போயாச்சு. பழியை அந்தப் போன கை மேல போடுங்க. அது தூக்காது, கீழயும் போடாது," என்றான். பிறகு சிரித்தான். அந்த நீலக்கோடு தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். சின்ன வயசு டாக்டர், நல்ல பெண். மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். ஈயம் ரத்தத்தில் கொஞ்ச காலம்தான் நிற்குமாம். பிறகு எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். எலும்பு அதைச் சுண்ணாம்பு என்று நினைத்துச் சேர்த்துக்கொள்ளுமாம். பிறகு வருஷக்கணக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விடுமாம். எலும்புக்கும் என் புத்திதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"கை நிமிருமா?" என்று சேவியர் கேட்டான்.

"ஈயத்தைத் தொடாம இருந்தா நிமிரலாம். நிமிராமலும் இருக்கலாம். மூத்திரக்காய், கிட்னி, எப்படி ஆகுதுன்னுதான் பாக்கணும்," என்றார் டாக்டர்.

"அந்த ரசம் குடிச்ச ஆளுவளுக்கு?" என்று அடுத்ததைக் கேட்டான். டாக்டர் எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்டார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. குழந்தைகளுக்குத்தான் கெடுதல் கூடுதல், புத்தியைப் பிடிக்கும் என்றார். வீடு வந்து என் கடைசிப் பிள்ளையைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது அவனுக்கு. அதற்கு முன்னாலும் வராது. எதை எதனோடு சேர்ப்பது? இன்றைக்கும் அவன் ஒன்றை மறந்தால் அந்த மாதத்துக் கல்யாணங்களை எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

சேவியர் கொட்டகையை மூடினான். உடனே என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் வீடும் கொட்டகையும் ஒரே முற்றம். அந்த மண்ணை என்ன செய்வது? சுகுமாரன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, மேல் மண்ணை வெட்டி எடுக்கச் சொன்னார். வெட்டி எங்கே போடுவது என்று மேரி கேட்டாள். அவர் மண்ணைச் செருப்பால் தள்ளினார். "நெருப்புல போட்டாலும் போவாது, மண்ணுல போட்டாலும் மக்காது. அது அதுவாகவே இருக்கும்," என்றார். என் அண்டாவும் அதே கதை. விற்றால் இன்னொருத்தன் அதில் சமைப்பான். கிணற்றில் போட்டால் கிணறு போச்சு. நசுக்கிக் குழியில் புதைத்தேன். புதைத்த இடத்துப் பக்கத்தில் ஒரு கீரைவிதைகூடப் போட்டதில்லை. அது சரியா, தப்பா என்று இன்னும் தெரியாது.

ஒரு வருஷம் கழித்துக் கைகள் கொஞ்சம் திரும்பின. டம்ளரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வலது கையை வலது கையாலேயே நெற்றி வரை தூக்கினான். எனக்கு அவர்கள் பள்ளிக்குப் போகிற வழக்கமில்லை, அன்றைக்கு வாசலில் நின்று பார்த்தேன். பின்னால் இருந்த யாரும் தலை குனியவில்லை. தோள் வரை போக முடியாமல் கை இறங்கிவிட்டது. "அடுத்த ஆழ்ச்ச தோளு வரைக்கும் போவும் பாருங்க," என்றான் வெளியே வந்து.

அடுத்த வாரம் கால் வீங்கியது. முகம் வீங்கியது. மூத்திரக்காய் போய்விட்டது என்றார்கள். ஈயத்தாலா என்று கேட்டோம். இருக்கலாம் என்றார்கள், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார்கள். ஊருக்குள் சொல்லக் கஷ்டமில்லாமல் இருந்தது. "ஊருக்கு வெசம் வச்சவன், அனுபவிக்கான்" என்றார்கள். குழாயடியில் மேரி குடத்தோடு நின்றால் அவளுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் அடுத்த குழாய்க்குப் போனார்கள். செலின் கல்யாணத்துக்கும் அந்தப் பேச்சு வந்தது. நான் போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் சேவியர் நல்லவன் என்று சொன்னேன். நல்லவன் என்று மட்டும்தான் சொன்னேன். கல்யாணத்துக்குச் சமைத்ததும் நான்தான், கூலி வாங்கவில்லை. அதோடு ஏதோ சரிசெய்துவிட்டது போல வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

கடைசி மாதத்தில் தினமும் கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். உப்புச் சேர்க்கக் கூடாது, புளி கூடாது. நாற்பது வருஷம் சமைத்த கைக்கு, அவனுக்கு ருசியாக ஒரு கரண்டி கொடுக்க வழியில்லை. ஊட்டும்போது, "கொள்ளாம் அண்ணா, நல்லா இருக்குது," என்பான். ஒன்றுமில்லாத கஞ்சி அது. ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டு, மேரியிடம் சொல்லிவிடுகிறேன், ஊரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் கண்ணைத் திறக்காமலே, "இப்பம் சொன்னா நான் கள்ளஞ்சொன்னவனா ஆவேன் அண்ணா. நான் போன பொறவு சொல்லுங்க. அப்பம் ஆரும் எனக்கிட்ட வந்து கேக்க முடியாதில்லியா?" என்றான். அது கேலியா, காரியமா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

அப்பாவுடையது உங்களிடம் என்ன இருக்கிறது என்று செலின் எல்லோரையும் கேட்கிறாள். ஒருவரிடம் அவன் வார்த்த வலைக்குண்டு இருக்கிறது, ஒருவரிடம் போட்டோ இருக்கிறது. என்னிடம் இருப்பது அவன் எனக்காகச் சொன்ன அந்தப் பொய். இத்தனை வருஷமும் அதை வைத்துத்தான் சோறு தின்றேன். அது இல்லாவிட்டால் எந்த வீட்டிலும் என்னை அடுப்புக்குப் பக்கத்தில் விட்டிருக்க மாட்டார்கள். உங்களிடம் இப்போது சொல்லிவிட்டேன். நீங்கள் எழுந்து போகவில்லை, அது உங்கள் நல்ல மனசு. செலினும் எழுதிவிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினாள். ஆனால் மேரிக்கு இன்னும் தெரியாது. முப்பது நாளாக இந்த முற்றத்துக்கு வருகிறேன். வந்ததும் அவள் கட்டஞ்சாயா கொண்டுவந்து தருவாள், தங்கப்பண்ணன் இல்லாவிட்டால் எங்களுக்கு ஆருண்டு என்பாள். சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவேன். இன்றைக்குப் பந்தி தொடங்கும் முன்னால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நான்தான் அன்றைக்கு...

"தங்கப்பண்ணா! எங்க நிக்கிய? அச்சன் வந்தாச்சு. மீன்கறிக்கு உப்பு பாக்கணும்."

"இந்தா வாறேன் மேரி. நீ இஞ்ச ஒரு நிமிசம் வா மக்கா."

"எல்லாரும் உக்காந்தாச்சு அண்ணா, பொறவு பேசலாம். அடி பிடிக்குது, ஓடி வாங்க."

"பொறவு இல்ல மக்கா, இப்பமே கேளு. அன்னைக்கு அண்டாவுக்கு ஈயம் பத்தாம வந்தப்பம் சேவியரு அது வேற ஈயம்ணுதான் சொன்னான், நானாக்கும் அவன்கிட்ட கலந்து போடுண்ணு சொன்னது."